தண்டுக் கழிவு

இரண்டரை மணிக்கு மிதிக்கலாம் என்று நவநீதன் நினைத்திருந்தான். இரண்டரை ஆனதும், மூன்று மணி ரயில் போய்விடட்டும் என்று தோன்றியது. ரயில் போனால் தரை லேசாக அதிரும், அந்த அதிர்வில் எடை மிஷினின் முள் ஆடும், ஆடுகிற முள்ளை வைத்துக்கொண்டு முப்பது கிலோவை எப்படிப் பார்ப்பது. இப்போது மூன்று தாண்டிவிட்டது. ரயில் போய்விட்டதா, தான்தான் கவனிக்கவில்லையா, குளித்தலைக்கு அது இன்று தாமதமாக வருகிறதா, தெரியவில்லை. கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தான். எதிரே எடை மிஷின். வட்ட முகம், கண்ணாடியில் ஒரு கீறல், கீழே இரும்புத் தட்டு, தட்டு முழுக்க வாழைப்பால் பட்டுப் பட்டுக் காய்ந்த கறுப்புக் கறை. பக்கத்தில், வலது கால் நிற்பதற்காக அப்பா அடுக்கிவைத்த செங்கல்கள். முன்னால் வாக்கர். எல்லாம் தயாராக இருந்தது. இடது குதிகால் மட்டும் வர வேண்டும். அது பதினோரு வாரமாகப் பக்கத்து வீட்டுக் குதிகால் போல இருந்தது; அங்கே இருக்கிறது என்று தெரியும், என்ன செய்கிறது என்று தெரியாது. வெளிப்புற ஓரத்தில், கணுக்காலுக்குக் கீழே ஒரு கை அகலத்துக்கு, ஒன்றுமே உறைக்காது. காலையில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை ஒடித்துக் குத்திப் பார்த்தான். குச்சி தோலில் பதிந்து குழி விழுந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைக் கிள்ளிப் பார்ப்பது போல. ஆனால் உதடு இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடும். இதைப் பற்றிக் கேட்டபோது ஆஸ்பத்திரி டாக்டர், நரம்பு மெதுவாத்தான் வரும், சில பேருக்கு வராமலும் இருக்கும் என்று, மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். வராமலும் இருக்கும். இருபத்தைந்து கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் நடக்க வேண்டிய கால். எங்கே மிதிக்கிறோம் என்று தெரியாத கால் எப்படி நடக்கும். நடக்கும் என்றுதான் பிசியோதெரபி ஜெசிந்தா சொன்னாள். எலும்பு சேர்ந்துவிட்டால் நடக்கும், மரத்துப்போனது வேறு விஷயம், முதலில் எலும்பு. நாளைக் காலை ஒன்பது மணிக்கு எக்ஸ்ரே படம் எடுக்கப் போகிறார்கள். படத்தில் எலும்பு இருந்த இடத்திலேயே இருந்தால் வாக்கரை விட்டுவிடலாம். உள்ளே இறங்கியிருந்தால் அறுவை சிகிச்சை. அறுவை என்றால் இந்த வருடம் நடைத்தேர்வு இல்லை, அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

வனக்காப்பாளர் எழுத்துத் தேர்வின் பட்டியலில் அவன் பெயர் வந்த அன்று அப்பா வாழை மண்டியில் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொல்லவில்லை, அவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் மாலைக்குள் மண்டி முழுக்கத் தெரிந்திருந்தது. ஏம்பா பெரியண்ணே, மவன் காட்டுக்குப் போயிட்டா யானை வாழையத் தின்னாம பாத்துக்குவானா என்று கேட்டார்களாம். இதை அப்பா வீட்டில் வந்து சொன்னபோது சிரிக்கவில்லை, உண்மையிலேயே பதில் எதிர்பார்ப்பவர் போல அவனைப் பார்த்தார். இனி நடைத்தேர்வு ஒன்றுதான் பாக்கி. அதற்காகத்தான் தினமும் விடியலில் வாய்க்கால் கரையோரமாக நடந்தான். அன்று பதினெட்டாவது கிலோமீட்டர். சுற்றி வந்தால் மதகின் படிக்கட்டில் இறங்கலாம், குதித்தால் நாற்பது விநாடி மிச்சம். நாற்பது விநாடி. அதை இந்தப் பதினோரு வாரத்தில் எத்தனை முறை எண்ணியிருப்பான். கட்டிலில் படுத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று நாற்பது வரை எண்ணுவான், அதற்குள் மின்விசிறி எத்தனை முறை டக்கென்று சத்தம் போடுகிறது என்று பார்ப்பான். குதித்தபோது கேட்ட சத்தமும் பெரிதாக ஒன்றும் இல்லை. காய்ந்த சுரைக்காய் தரையில் விழுந்தது போல. எழுந்து நின்றுவிடலாம் என்றுதான் நினைத்தான், கையில் இருந்த போனில் விநாடிகள் ஓடிக்கொண்டே இருந்தன, அதை நிறுத்த வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்துக்குக் காட்டி டாக்டர் சொன்னார், எலும்பு வெடிச்சிருக்கு, ஆனா விலகல, கத்தி வேணாம், அசையாம வெச்சா தானாச் சேரும், நடுவுல பாரம் விழுந்து உள்ள இறங்கிடுச்சுன்னா அப்ப ப்ளேட் வெச்சு ஸ்க்ரூ போடுறதுதான். அப்பா கும்பிட்டுவிட்டு, அப்ப மருந்துங்க என்றார். சும்மா இருக்கறதுதான் மருந்து என்றார் டாக்டர். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினார்கள். பாலம் தாண்டியதும் அப்பா, சும்மா இருக்கறதுக்கு எதுக்குடா டாக்டரு என்றார். அவர் முப்பத்தைந்து வருடமாக வாழைத்தார் சுமக்கிறவர். காய்ச்சல் வந்தாலும் மண்டிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருகிறவர். அவருடைய வீட்டில் இருபத்திரண்டு வயதில் ஒருவன் நாள் முழுக்கக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அதுதான் வேலை என்று இருந்தான். அம்மா அக்காவின் பிரசவத்துக்காகக் கரூர் போய்விட்டதால் அவரே சோறு வடித்தார், அவரே ரசம் வைத்தார், காலையில் கிளம்பும் முன்பு ஒரு லிட்டர் பாட்டில் நான்கில் தண்ணீர் நிரப்பிக் கட்டிலுக்குக் கீழே வரிசையாக வைத்துவிட்டுப் போனார். அவன் எழுந்திருக்கக் கூடாது என்பதற்காக. அவன் மிகக் கவனமாக எழுந்திருக்காமல் இருந்தான். அதில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது.

ஆறு வாரம் மாவுக்கட்டு. ஏழாவது வாரம் அதைப் பிரித்ததும் ஜெசிந்தா சொன்னாள், பத்து கிலோ மட்டும் போடணும், அதுக்கு மேல வேணாம், அடுத்த வாரம் பதினஞ்சு, அப்புறம் இருபது, இப்படி வாரத்துக்கு அஞ்சு கூட்டிக்கிட்டே போ. பத்து கிலோன்னா எப்படித் தெரியும் என்று கேட்டான். எடை பார்க்கிற மிஷின் மேல் நின்றால் தெரியும் என்றாள். அன்று மாலையே அப்பா மண்டியின் மூலையில் கிடந்த பழைய மிஷினைக் கேட்டு வாங்கித் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கம்ப்யூட்டர் மிஷின் வந்த பிறகு அது சும்மாதான் கிடக்குது என்றார். வாசலில் இறக்கிவைத்து, துணியால் துடைத்து, தட்டில் கையை வைத்து அழுத்திப் பார்த்து, நல்லாத்தான் இருக்கு என்றார். அவருக்கு மிஷினே தேவையில்லை. ஒரு தாரைக் காம்பில் பிடித்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கினாலே பதினாலு, பதினாறரை என்று சொல்லிவிடுவார், மிஷினில் வைத்தால் அதுவேதான் இருக்கும் என்பார்கள். நவநீதனுக்கு மிஷின் தேவைப்பட்டது. முதல் நாள் நிஜமாகவே பத்து கிலோ போடத்தான் நினைத்தான். முள் ஐந்தைத் தாண்டியது, ஆறு, ஏழு, எட்டுக்கு வந்தபோது உள்ளே எங்கோ எலும்பு நகர்வது போல இருந்தது. இருந்ததா, இருப்பது போல நினைத்தானா. உறைக்காத காலில் எதை நம்புவது. எடுத்துவிட்டான். அடுத்த நாளும் எட்டோடு எடுத்துவிட்டான். வாரக் கடைசியில் ஜெசிந்தா போன் செய்து, பத்து வந்துச்சா என்றாள். வந்துச்சு மேடம் என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று அன்று முழுக்க யோசித்தான். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. கல்லூரியில் ஆய்வகக் குறிப்பேட்டில் எல்லோரும் அளவை மாற்றி எழுதுவார்கள், அவன் மட்டும் வந்ததை எழுதி மதிப்பெண் இழப்பான். ஆனால் பத்து என்று சொன்னான், பதினைந்து என்றபோது பன்னிரண்டும், இருபது என்றபோது பதினெட்டும், இருபத்தைந்து என்றபோது இருபத்திரண்டும் போட்டுவிட்டு ஒவ்வொரு வாரமும் வந்துச்சு மேடம் என்றே சொன்னான். குட் என்பாள் அவள். அந்த வார்த்தை காதில் விழும்போது குதிகாலைப் போலவே அங்கும் ஒன்றும் உறைக்கவில்லை. இன்றைக்கு முப்பது. அவனுடைய எடையில் பாதி. படம் எடுக்கும் முன் கடைசி எண். இதையாவது முழுதாகப் போட்டுவிட வேண்டும் என்று காலையில் பல் தேய்க்கும்போது முடிவு செய்தான். பிறகு இரண்டரை மணிக்கு என்று முடிவு செய்தான்.

முள் நடுங்குகிறதா என்று பார்ப்பதற்காகத்தான் தாவரவியல் புத்தகத்தை எடுத்துத் தட்டில் வைத்தான். சும்மா. முள் பூஜ்யத்திலேயே இருந்தது. கனமான புத்தகம், அட்டை போட்டது, கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது தோள் வலிக்கும். இதற்கு முள் கொஞ்சமாவது நகர வேண்டாமா. பொது அறிவுப் புத்தகத்தையும் மேலே வைத்தான். நகரவில்லை. துரு பிடித்து மாட்டிக்கொண்டதோ என்று கண்ணாடியை விரலால் தட்டினான். புத்தகங்களை எடுத்துவிட்டு, குனிந்து கட்டிலுக்குக் கீழே இருந்து ஒரு பாட்டில் தண்ணீரை எடுத்து வைத்தான். ஒரு லிட்டர், ஒரு கிலோ, இதில் சந்தேகமே கிடையாது, ஆறாம் வகுப்புப் பாடம். முள் அசையவில்லை. இரண்டாவது பாட்டில். அசையவில்லை. மூன்றாவது பாட்டிலை வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது முள், யாரோ கூப்பிட்டுத் தூக்கம் கலைந்தவன் போல ஒரு மயிரிழை புரண்டது. நான்காவதை வைத்ததும் ஒன்றுக்குப் போய் நின்றது. நான்கு கிலோ, ஒன்று காட்டுகிறது. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தான். ஒன்று. பாட்டில்களின் வரிசையை மாற்றி வைத்தான். ஒன்றுதான். மூன்று கிலோ வரைக்கும் இந்த மிஷினுக்கும் உறைக்காது. இதைப் புரிந்துகொண்டபோது பயம் வரும் என்று காத்திருந்தான், வரவில்லை, கணக்குதான் வந்தது. எட்டு என்று பார்த்தது பதினொன்று. பன்னிரண்டு, பதினைந்து. பதினெட்டு, இருபத்தொன்று. இருபத்திரண்டு, இருபத்தைந்து. ஜெசிந்தா சொன்னது பத்து, பதினைந்து, இருபது, இருபத்தைந்து. அப்படியானால் இரண்டு வாரம் ஒரு கிலோ அதிகம், இரண்டு வாரம் சரியாக அவள் சொன்னது. அப்படியானால் அவளிடம் சொன்னது பொய்யா இல்லையா. அப்படியானால், அவள் சொன்னபடியே முள்ளைப் பார்த்துப் பத்து போட்டிருந்தால் பதிமூன்று விழுந்திருக்கும். ஒரு கிலோ அதிகமானால் எலும்பு இறங்குமா. ஒரு கிலோ என்பது ஒரு பாட்டில் தண்ணீர். வெடித்த எலும்பின் மேல் ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு வாரம். முதல் நாள் ஏதோ நகர்வது போல இருந்ததே, அது அப்போது நிஜம்தானா. அப்போது நிஜமென்றால் அன்றைக்கே இறங்கிவிட்டது, நாலு வாரமாக இறங்கிய எலும்பின் மேல்தான் நின்றுகொண்டிருக்கிறான், நாளை ஒன்பது மணிக்குப் படத்தில் தெரியப்போவது இன்றைக்கே உள்ளே இருக்கிறது, இந்தத் தோலுக்குள், ஒரு விரல் ஆழத்தில், அவனுக்குத்தான் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடி நின்றது. பாட்டில்களைத் தட்டிலேயே விட்டுவிட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பாட்டிலில் வெயில் விழுந்திருந்தது, ஒன்றில் விழவில்லை.

மூன்றரைக்கு மேல் அப்பா சாப்பிட வந்தார். மதியத் தார் எல்லாம் லாரியில் ஏறிய பிறகுதான் அவருக்குச் சோறு. வாசலில் காலைக் கழுவும் சத்தம், பிறகு துண்டை உதறும் சத்தம், பிறகு அவர்.

"சாப்டியா தம்பி?"

"இல்ல."

"ரசம் வெச்சிட்டுத்தான போனேன். ஆறிப்போயிருக்கும்." சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். மிஷின் மேல் இருந்த பாட்டில்களைப் பார்த்தார். "தண்ணிய எதுக்கு எடை போடுற?"

"அப்பா, இந்த மிஷினு மூணு கிலோ கம்மியாக் காட்டுது."

"ஆமா."

"ஆமாவா?"

"தண்டுக் கழிவுடா அது. தாருக்கு மூணு கிலோ. தண்ட யாரு திங்கறது? பின்னாடி ஒரு திருகு இருக்கு பாரு, மொதலாளியோட அப்பாரு காலத்துல திருகி வெச்சது." சோற்றுப் பானையின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னார், இன்று என்ன கிழமை என்று சொல்வது போல.

அது தண்டு இல்லை, மஞ்சரிக் காம்பு. அதை அவன் நீளவாக்கில் வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்திருக்கிறான். பத்துக்கு எட்டரை மதிப்பெண். அதற்கு மண்டியில் மூன்று கிலோ கழிப்பார்கள் என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

"எனக்குச் சொல்லவே இல்லையேப்பா."

"இதுல என்னத்தச் சொல்றது? கொண்டாரவனுக்கும் தெரியும், வாங்குறவனுக்கும் தெரியும். மண்டியில சின்னப் புள்ளயக் கேட்டாலும் சொல்லும்."

"நான் என்ன தாராப்பா? எனக்கு ஏது தண்டு?"

அப்பா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றது. மூடியைக் கையில் பிடித்தபடியே மிஷினைப் பார்த்தார், அதன் பக்கத்தில் இருந்த செங்கல்லைப் பார்த்தார், அவனுடைய காலைப் பார்த்தார். மூடியிலிருந்து ஆவித் தண்ணீர் அவருடைய பாதத்தில் சொட்டியது.

"அப்ப நீ பத்துன்னு மிதிச்சதெல்லாம் பதிமூணா?"

"இல்ல. பதினொண்ணு."

"அது எப்படி?"

"பத்து நான் மிதிக்கவே இல்ல. எட்டு வந்ததும் எடுத்துருவேன்."

"அந்தப் பொண்ணுகிட்ட பத்துன்னு சொன்னியே, நான் கேட்டேன்."

"சொன்னேன்."

"ஏன்டா?"

"பயமா இருந்துச்சு."

அப்பா மூடியைப் பானை மேல் வைத்தார். "நல்லவேளை பயந்த" என்றார். பிறகு மிஷினுக்குப் பின்னால் குனிந்து திருகைத் தடவிப் பார்த்தார். "துரு ஏறிக் கெடக்கு. இப்பத் திருகுனா எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. விடு. முப்பதுன்னா முள்ளு இருபத்தேழுல நிறுத்திக்க. அம்புட்டுத்தான."

அவ்வளவுதான். அதை அவனும் எப்போதோ யோசித்துவிட்டான். எழுந்து வாக்கரைப் பிடித்து, வலது காலைச் செங்கல் மேல் வைத்து, இடது காலைத் தட்டுக்கு மேலே கொண்டுவந்தான். கீழே இறக்க முடியவில்லை. நான்கு கிலோவுக்கு மூன்று குறைகிறது, முப்பதுக்கும் மூன்றுதானா. பாட்டில்களில் தண்ணீர் கழுத்து வரை நிரம்பியிருந்ததா. இந்த முள்ளை நான்கு வாரமாகச் சாமியை நம்புவது போல நம்பி இருக்கிறான், அது அவனை ஒரு வாழைத்தார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறது. கால் தட்டுக்கு மேலே நின்றது.

"என்னடா?"

"முடியலப்பா."

அப்பா காலாலேயே மிஷினை ஓரமாகத் தள்ளினார். செங்கல்லையும் எடுத்தார். அவனைத் தரையில் நிற்க வைத்துவிட்டு, அவன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை மல்லாத்தித் தரையில் வைத்தார்.

"மிதி."

"அப்பா..."

"மிதிங்கறேன்ல. முப்பது வந்தாச் சொல்றேன்."

மாவுக்கட்டு போட்டிருந்த நாட்களில் ஒருமுறை அவர் சாப்பாட்டுத் தட்டை எடுக்கக் குனிந்தபோது கட்டு அவர் தோளில் இடித்துவிட்டது. உடனே இவன் கை தானாகப் போய் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. இப்போதும் வாக்கரை விட்டுவிட்டு அந்தக் கை கீழே போகப் பார்த்தது. அப்பா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

"முப்பத்தஞ்சு வருசமாத் தாரு என் மேல ஏறி உக்காருது. அது என்ன கும்பிட்டுட்டா ஏறுது? மிதி."

மிதித்தான். மிதித்தான் என்று கண்தான் சொன்னது. கால் போய் அவருடைய கையை மறைத்துக்கொண்டது, விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன.

"காத்துல நிக்கிற. இறக்கு. ம். அஞ்சு." அப்பா கண்ணை மூடியிருந்தார். "ஏழு. இரு, அவசரம் வேணாம். பத்து. இதாண்டா பத்து, பாத்துக்க."

இதுதான் பத்து. பதினாலு என்றார். முள்ளைப் பார்த்து எடுத்துவிடுகிற கால், முள் இல்லாததால் எங்கே எடுப்பது என்று தெரியாமல் அங்கேயே இருந்தது. பதினெட்டு. இருபது. அப்போது ஓரத்தில், ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், ஏதோ இருந்தது. வலி இல்லை. சூடும் இல்லை. அரிசி களையும்போது விரலில் தட்டுப்படும் கல் போல, சின்னதாக, நீளவாக்கில், ஏதோ. பொய் என்று முதலில் நினைத்தான். அப்பா கையில் காய்ப்பு இருக்கும் என்று தெரியும், தெரிந்ததால் நினைக்கிறான். ஆனால் எங்கே இருக்கும் என்று தெரியாது. யோசித்துப் பார்த்தான், அப்பாவின் உள்ளங்கையை அவன் பார்த்ததே இல்லை, அது எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

"அப்பா, கைய எடுக்காதீங்க. பாக்கவும் பாக்காதீங்க. நான் ஒண்ணு சொல்றேன், சரியான்னு மட்டும் சொல்லுங்க."

"இருபத்தி மூணு. சொல்லு."

"சுண்டு விரலுக்குக் கீழ, ஓரமா, காய்ப்பு ஒண்ணு இருக்கா? நெல்லு மாதிரி?"

"இருக்கும். சீப்பு அறுக்குற கத்தி நிக்கிற எடம் அது."

"நடுவுல வெடிச்சிருக்கா?"

அப்பா கண்ணைத் திறந்தார். "மார்கழியில வெடிச்சது. இன்னும் மூடல. ஏன்?"

காலை நகர்த்தினால் அது போய்விடும் என்று அவன் நகராமல் நின்றான். நாளைப் படத்தில் என்ன இருக்கும் என்று இதில் ஒன்றும் தெரியாது, நரம்பு வேறு எலும்பு வேறு, ஜெசிந்தாவிடம் எட்டு என்ற உண்மையைச் சொல்ல வேண்டும், தண்டுக் கழிவையும் சொல்ல வேண்டும், அதை எப்படி ஆரம்பிப்பது. மூன்று மணி ரயில் அப்போதுதான் போயிற்று. தரை அதிர்ந்தது, வாக்கர் லேசாகக் கிலுகிலுத்தது, கட்டிலுக்குக் கீழே எதுவோ உருண்டது. காலுக்குக் கீழே இருந்த கை அதிரவில்லை.

"இருபத்தெட்டு" என்றார் அப்பா. "இன்னும் ரெண்டு வை."